பேலட் பலகையும் செடிப்பெட்டியும்: ஓசூர் எல்லையில் பழைய மரத்தின் வரலாறு

செடிப்பெட்டி என்பது பலகைகளை இணைத்துச் செய்து, மண் நிரப்பிச் செடி வளர்க்கும் மரத்தொட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் தொழிற்பகுதியிலும், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா பகுதிகளிலும் இத்தகைய பெட்டி செய்ய எளிதில் கிடைக்கும் மரம், தொழிற்சாலைகளுக்குச் சரக்கோடு வந்து இறங்கும் பேலட்டும் பேக்கிங் பெட்டியும்தான். இயந்திரம் உள்ளே போகிறது. அதைத் தாங்கி வந்த மரம் பழைய மரக்கடைக்குப் போகிறது. அங்கிருந்து அது விறகாகலாம், கட்டிலாகலாம், மாடியில் ரோஜாவோ கீரையோ வளரும் பெட்டியுமாகலாம்.

பழைய மரம் வாங்குபவர் வழக்கமாக முதலில் கேட்பது, இது என்ன மரம் என்பது. கட்டிலுக்கும் கதவுக்கும் அந்தக் கேள்வி போதும். மண்ணைச் சுமக்கப் போகும் பலகைக்கு அது போதாது. கறையானையும் பூஞ்சையையும் விரட்ட அந்த மரத்தில் முன்பு என்ன ஏற்றினார்கள், அதன்மேல் எது சிந்தியது என்பதும் தெரிய வேண்டும். ஈரமண்ணோடு ஒட்டியிருக்கும் பலகையில் உள்ளது மண்ணுக்கு இறங்கும். அந்த மண்ணில் விளையும் கீரை சமையலுக்கு வரும். மரத்துக்கு மருந்தேற்றும் பழக்கம் தென்னிந்தியாவுக்கு ரயிலோடு வந்தது. அந்த மருந்துகளில் உலகம் முழுவதும் பரவிய ஒன்று இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று ஓசூரில் கிடைக்கும் ஒரு பழைய பலகையை எடைபோட இந்த வரலாறு தேவைப்படுகிறது.

காட்டிலிருந்து தண்டவாளத்துக்கு

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கன்னடத்தில் ‘ஹொச ஊரு’ என்றால் புதிய ஊர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தபோது கிருஷ்ணகிரி கைமாறியது. மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் சேர்ந்தது. பழைய சேலம் மாவட்டத்தில் இம்மேட்டுநிலம் பாலாகாட் எனப்பட்டது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டமும், 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது.

ஊருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் வறண்ட இலையுதிர் காடுகள் விரிந்து கிடக்கின்றன. ஆச்சா, வெக்காலி, மருது, வேங்கை, சந்தனம் ஆகியவை இக்காட்டு மரங்கள். இந்த வகைக் காடுகளின் மீது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதிதாக ஒரு தேவை வந்து விழுந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே சென்னை மாகாணத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை எட்டியது. ஒரு மைல் பாதைக்குச் சுமார் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். ரயில் ஓடத் தொடங்கிய அதே 1856இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார் என்பதைத் தற்செயலாகக் கொள்ள முடியாது. ரயிலுக்கும் கப்பலுக்கும் மரம் தீர்ந்துவிடும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது.

வேங்கை, தேக்கு போன்ற கெட்டி மரங்கள் மருந்தில்லாமலேயே மண்ணில் நின்றன. மென்மையான மரங்கள் சில ஆண்டுகளில் இற்றுப்போயின. அதனால் ஐரோப்பாவின் பால்டிக் கடலோரப் பைன் மரத்தை, கிரியோசோட் ஏற்றி, கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கிரியோசோட் என்பது நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கரிய எண்ணெய். அதை அழுத்தத்தோடு மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தெல் 1838இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். தென்னிந்தியாவுக்குப் பைன் இரண்டு முறை பெருமளவில் வந்தது என்று சொல்லலாம்: முதல்முறை தார் ஏறிய ஸ்லீப்பராக, இரண்டாம் முறை சூட்டுமுத்திரை பெற்ற பேலட்டாக.

ஓசூரையும் ஒரு சிறு ரயில் தொட்டிருந்தது. பஞ்ச காலத்தில் தானியம் சேர்ப்பதை முன்னிட்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்ட குறும்பாதை, 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், அது மூடப்பட்டது. பின்னர் வந்த சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை 1990களில் அகலப்பாதையானது. இந்திய ரயில்வே மரக்கட்டைகளை இரண்டாக வகைப்படுத்தியிருந்தது. தேக்கு, சால், வேங்கை போன்றவை மருந்து ஏற்றாதவை. மற்ற மரங்கள் மருந்து ஏற்றியவை. கான்கிரீட் ஸ்லீப்பர் பரவியதும் இரண்டு வகைக் கட்டைகளும் ஏலத்துக்கு வந்து, வீட்டு உத்தரமாகவும் வேலிக்காலாகவும் பூங்காவில் பாத்தி ஓரமாகவும் ஆயின. பார்வைக்கு முரட்டு அழகுள்ள பழைய ஸ்லீப்பருக்குத் தோட்டக்காரர்களிடம் தனி மோகம் உண்டு. கிரியோசோட் ஏறிய கட்டை என்றால் அந்த மோகம் ஆபத்தானது. வெயிலில் அதிலிருந்து தார் கசியும், அதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் உண்டு. தோட்டங்களிலும் பூங்காக்களிலும் இத்தகைய பழைய கட்டையைப் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் கொண்டுவந்த விதி தடை போட்டது. மூக்கே இங்கு நல்ல சோதனைக் கருவி. நறுக்கிய இடத்தில் தார் வாடை அடித்தால் அது செடிப்பெட்டிக்கு ஆகாது.

தேராதூனில் பிறந்த மருந்து

கிரியோசோட்டின் வாடையும் பிசுக்கும் வீட்டு மரத்துக்கு ஒத்துவரவில்லை. தேராதூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் 1933இல் வேறொரு வழி கண்டார். பூஞ்சையைக் கொல்லத் தாமிரம், பூச்சியைக் கொல்ல ஆர்செனிக், இவ்விரண்டையும் மரத்துக்குள்ளேயே பிடித்துவைக்கக் குரோமியம் என மூன்றையும் நீரில் கரைத்து மரத்தில் ஏற்றினார். தாமிரமும் ஆர்செனிக்கும் இதற்கு முன்பே மரத்துக்குப் பூசப்பட்டவைதான். மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். குரோமியம் சேர்ந்ததும் அவை நார்களோடு பிணைந்து நின்றன. அதுதான் காமேசனின் கண்டுபிடிப்பு. ஆர்செனிக், தாமிரம் இரண்டின் வேதியியல் குறியீடுகளைச் சேர்த்து இம்மருந்துக்கு ‘அஸ்கு’ என்று பெயரிட்டார்கள். உலகம் பின்னர் அதை சி.சி.ஏ. என்று அழைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் மரப்பாதுகாப்பில் இதைவிட வெற்றி பெற்ற மருந்து இல்லை எனலாம். மின்கம்பம், வேலி, பாலம், அமெரிக்க வீடுகளின் பின்கட்டு மரத்தளம், குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் சட்டம் என எங்கும் சி.சி.ஏ. மரம் நின்றது. புதிதாக இருக்கும்போது அதில் இளம்பச்சை படர்ந்திருக்கும். ஆண்டுகள் போனால் சாம்பல் நிறமாகி எல்லாப் பழைய மரத்தையும் போலத் தெரியும். பிணைப்பு முழுமையானது அல்ல என்பதும், ஆர்செனிக் சிறிது சிறிதாக அருகிலுள்ள மண்ணில் இறங்குகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிய வந்தன. அமெரிக்காவில் 2003 டிசம்பர் 31க்குப் பிறகு பெரும்பாலான வீட்டு உபயோக மரத்துக்கு சி.சி.ஏ. ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டனர்.

காமேசனின் பெயர் தமிழ் மாணவர்களுக்கு அறிமுகமாகாமல் போனது வியப்பு. அவருடைய மருந்து எத்தனையோ காட்டு மரங்கள் வெட்டப்படாமல் காத்தது; இருபது ஆண்டுகளில் இற்றுப்போகும் கம்பம் ஐம்பது ஆண்டு நின்றால், அத்தனை மரம் மிச்சம். தடுமாற்றம் வருவது இரண்டாவது பிறவியில்தான். கம்பமாக நிற்கும்வரை பயன் தரும் மருந்து, அதே கட்டை அறுபட்டுத் தக்காளிச் செடிக்குத் தொட்டியாகும்போது நஞ்சாகிறது.

பேலட் வந்த வழி

பேலட் என்பது ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்பு நாக்குகள் நுழையும்படி அடியில் இடைவெளி விட்டுச் செய்யப்படும் மரத்தட்டு. சரக்கை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்காமல் தட்டோடு நகர்த்தலாம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் தளவாடங்களை நகர்த்த இதைப் பெருமளவில் பயன்படுத்தின. நான்கு பக்கமும் வண்டி நுழையும் பேலட்டை அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய நார்மன் கானர்ஸ் உருவாக்கினார். போர் முடிந்து அமெரிக்கர் ஆஸ்திரேலியாவில் விட்டுச் சென்ற தட்டுகளையும் வண்டிகளையும் பொதுவில் வைத்து வாடகைக்கு விடும் அரசு அமைப்பு ஒன்று அங்கே தோன்றியது. இன்று உலகெங்கும் நீல நிற பேலட்டுகளை வாடகைக்கு விடும் செப் நிறுவனம் அதன் வழியில் வந்தது. நீல பேலட் விற்பனைக்கு உரியதே அல்ல. அது எந்தக் கடையில் கிடந்தாலும் அந்நிறுவனத்தின் சொத்து. பழைய மரம் வாங்குபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961இல் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டன. 1,200 மில்லிமீட்டர் நீளம், 800 மில்லிமீட்டர் அகலம். 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. அந்த 78 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம், பிரிக்கும்போது கைக்குத் தெரியும்.

ஓசூருக்கு இந்த மரம் வரத் தொழிற்சாலை வேண்டியிருந்தது. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூரின் திறன்களும் தமிழ்நாட்டின் சலுகைகளும் ஒருசேரக் கிடைக்கும் எல்லை ஊர் என்பதால் ஆலைகள் வந்தன. 1980இல் அசோக் லேலண்டின் லாரி ஆலையும், அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட் ஆலையும், 1980களின் நடுவில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் எழுந்தன. சரக்குப் போக்குவரத்தும் உடன் மாறியது. 1973இல் கொச்சித் துறைமுகத்துக்கு இந்தியாவின் முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம் 1981இல் பெங்களூரில் திறக்கப்பட்டது. 1991க்குப் பிறகு வெளிநாட்டு இயந்திரங்களும் உதிரிபாகங்களும் எளிதாக வரத் தொடங்கியபோது, அவற்றைத் தாங்கிய பைன் மரமும் வந்தது.

உள்ளூர்க் காட்டு மரமோ அதே காலத்தில் அரிதானது. நீலகிரி மாவட்டம் கூடலூரின் காடுகள் அழிவது குறித்து நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை நாடெங்கும் காட்டுமர வெட்டை இறுக்கியது. பேக்கிங் பெட்டித் தொழில் வேறு மரங்களைச் சார்ந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பால் வற்றிய பின் வெட்டப்படும் ரப்பர் மரம், குடகிலும் சேர்வராயன் மலையிலும் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக், யூக்கலிப்டஸ், கிருஷ்ணகிரிக்கே உரிய மாமரம். மாங்கனிக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த மரம் மரவாடிக்குப் போய்ப் பெட்டிப் பலகையாகவும் சென்ட்ரிங் பலகையாகவும் திரும்பி வருவது பழைய வழக்கம்.

கோதுமைக் கதிர் முத்திரை

மரத்தோடு பூச்சியும் பயணம் செய்கிறது. 1984இல் பின்லாந்து, வட அமெரிக்காவிலிருந்து வந்த பைன் மரச்சிம்புகளில் காட்டையே உலர்த்திவிடக்கூடிய பைன் நூற்புழுவைக் கண்டது. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு தெருவோர மேப்பிள் மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தது; சீனாவிலிருந்து வந்த பேக்கிங் மரத்தில் அது வந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. அதைத் தடுக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று.

1951ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி ஏற்கப்பட்டது. நாடு கடக்கும் கட்டைமரப் பெட்டியும் பேலட்டும் பட்டை உரிக்கப்பட்டு, பூச்சி நீக்கப்பட்டு, முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரையில் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும், நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்தும் (இந்தியாவுக்கு ஐ.என்.), செய்தவரின் எண்ணும், செய்த முறையும் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையாமல் 30 நிமிடம் ஏற்றப்பட்டது. நூற்புழுவைக் கொல்லத் தேவையான அளவைக் கொண்டே இந்த எண் வந்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இறக்குமதிச் சரக்கின் மரத்துக்கும் இத்தகைய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

மெத்தில் புரோமைடு மனிதருக்கு நஞ்சு. ஓசோன் படலத்தையும் அரிக்கும். மாண்ட்ரியல் உடன்படிக்கை அதை 1992இல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோதும், சரக்குப் பூச்சிநீக்கத்துக்கு விலக்கு அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 மார்ச்சிலிருந்து அந்தப் பயனையும் நிறுத்தியது. ஆகவே எச்.டி. முத்திரையுள்ள பலகையைத் தேர்வதும், எம்.பி. முத்திரையுள்ளதை உணவுச் செடிக்குத் தவிர்ப்பதும் தோட்டக்காரர்களிடையே வழக்கமாயிற்று.

அவ்வழக்கம் நல்லதே. ஆனால் அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. மெத்தில் புரோமைடு வாயு என்பதால் பெரும்பகுதி பறந்துவிடும்; சிறிதளவு புரோமைடு உப்பே மரத்தில் தங்கும். எச்.டி. முத்திரையோ அம்மரத்தில் பூச்சி இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அதன்பின் அந்தப் பலகை எந்த ஆலையில் கிடந்தது, அதன்மேல் கட்டிங் ஆயில் சொட்டியதா, அமில டிரம் கசிந்ததா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. ஓசூரைப் போன்ற ஒரு வார்ப்பு, லேத், முலாம் பட்டறை ஊரில் இரண்டாவது கேள்விதான் பெரியது. கருத்த திட்டுகள், வழவழப்பு, ரசாயன வாடை உள்ள பலகையில் முத்திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது செடிக்கு ஆகாது. உள்நாட்டுக்குள் மட்டும் சுற்றும் பெட்டிகளில் முத்திரையே இராது. அவற்றை நிறம், வாடை கொண்டே பார்க்க வேண்டும். ரப்பர் மரத்துக்குப் பூச்சி அரிக்காமலிருக்க வெண்காரமும் போரிக் அமிலமும் ஏற்றுவது வழக்கம். அது ஈரத்தில் எளிதில் கரைந்து வெளியேறும். போரான் செடிக்கு மிகச் சிறிதளவே தேவை. கூடினால் இலை ஓரம் கருகும்.

பழைய மரக்கடை

தமிழ்நாட்டில் பழைய மரத்துக்கு மதிப்பு புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிச் சந்தைக்குப் போய் வேறு ஊர்களின் வீடுகளில் நிற்கின்றன. ஓசூரின் பழைய மரத்துக்கு அந்த மரியாதை கிடையாது. ஆலைகள் பழைய பேலட்டையும் பெட்டியையும் ஒப்பந்தக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கின்றன. அவர்கள் பிரித்துத் தரம் பார்க்கிறார்கள். முழு பேலட் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பவும் ஆலைக்கே போகும். நீளப் பலகையும் ரீப்பரும் தச்சருக்கு. உடைந்தது செங்கல் சூளைக்கும் கொதிகலனுக்கும் டீக்கடை அடுப்புக்கும். பலகையின் விலையை நிர்ணயிப்பது மரத்தைவிடப் பிரிக்கும் கூலிதான். முறுக்காணி அடித்த பைன் பலகையைப் பிளக்காமல் எடுப்பது கைத்திறமை. ஆணியைப் பிடுங்குவதைவிட, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே வாளை விட்டு ஆணியையே அறுப்பது எளிது என்று அனுபவமுள்ளவர்கள் கண்டுகொண்டார்கள். பெட்டியில் அங்கங்கே தெரியும் கரிய ஆணித்தலைகள் அந்த வேலையின் தடம்.

வாங்குவோர் பக்கம் பெங்களூரின் செல்வாக்கு பெரிது. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், ஆண்டுக்கு இருமுறை மலர்க்காட்சி நடத்தும் தோட்டம். மாடியில் காய்கறி விளைவிப்போருக்காக ‘ஊட்ட ஃப்ரம் யுவர் தோட்ட’ என்ற சந்தை அங்கே 2011இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருள்களை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. அதில் வந்தது பாலித்தீன் பை. ஓசூரோ ரோஜாவுக்கே பெயர்பெற்ற ஊர். டிட்கோவின் பங்கோடு அமுதகொண்டப்பள்ளியில் அமைந்த டான்ஃப்ளோரா பூங்காவிலிருந்தும் சுற்றுவட்டாரப் பசுமைக்குடில்களிலிருந்தும் தாஜ்மகால் என்னும் சிவப்பு ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிறது. செடி வளர்ப்பதும் மரம் குவிவதும் ஒரே ஊரில் நடந்ததால், இரண்டும் சந்திப்பதற்கு யாரும் பெரிதாகத் திட்டமிட வேண்டியிருக்கவில்லை.

பெட்டி செய்யும் முறை

ஒரு பேலட்டின் பலகைகளைக் கொண்டு ஒரு மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டி செய்யலாம். மூலைகளில் நிற்கும் நான்கு கட்டைகளை ஐந்து சென்டிமீட்டராவது கீழே நீட்டிவிட்டுக் காலாக்க வேண்டும். தரையைத் தொடும் பெட்டியைக் கறையான் விடாது. அடியில் காற்று ஓடாத பலகை முதலில் இற்றுப்போகும். பக்கப் பலகைகளை ஆணியைவிடத் திருகாணியால் இணைப்பது நல்லது, ஈரமண் வெளியே தள்ளும்போது ஆணி நழுவும். அடிப்பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டால் தண்ணீர் வடியும். உட்புறம் துளையிட்ட பாலித்தீன் விரிப்போ பழைய அரிசிச் சாக்கோ போட்டால் மண் ஒழுகாது, பலகையும் நேரடியாக நனையாது.

கனத்தைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. இந்த அளவுப் பெட்டி 90 லிட்டர் கொள்ளும். தோட்டமண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 115 கிலோவைத் தாண்டும். பெட்டி நிற்கும் இடமோ 0.3 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 390 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 விதி கணக்கில் எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மட்டுமே. ஆகவே மாடியில் இப்பெட்டிகளைச் சுவரை ஒட்டியோ உத்தரத்தின் மேலோ, இடைவெளி விட்டு வைக்க வேண்டும். தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் கலந்தால் கனம் ஏறத்தாழ பாதியாகும். மண்ணைக் குறைத்து அதைக் கூட்டுவது இதனால்தான்.

எத்தனை நாள் உழைக்கும்? இந்தியாவில் மரத்தின் உழைப்பை அளக்க, 60 சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் கனமும் உள்ள முளைக்குச்சிகளைப் பாதிவரை மண்ணில் புதைத்துப் பார்ப்பார்கள். 120 மாதத்துக்கு மேல் நின்றால் முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதம் இரண்டாம் வகுப்பு, அதற்கும் குறைந்தால் மூன்றாம் வகுப்பு. 1938இல் மைசூர் அரசின் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1988இல் மத்திய நிறுவனமான பெங்களூர் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் ஓசூருக்கு மிக அருகில் உள்ள ஆய்விடம். தேக்கு முதல் வகுப்பு. மாமரமும் ரப்பர் மரமும் மூன்றாம் வகுப்பு. மருந்தேறாத பைனும் நீண்டநாள் தாங்குவதில்லை. பெட்டி மண்ணுக்கு மேலே காலில் நிற்பதாலும் உள்ளே விரிப்பு இருப்பதாலும் சோதனைக் குச்சியைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

இந்தக் குறைந்த ஆயுளே அடுத்த தவறுக்கு இட்டுச்செல்கிறது. வண்டிப் பட்டறைகளில் வடித்தெடுத்த கருப்பு ஆயிலைப் பலகைக்குப் பூசுவது இப்பகுதியில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் உள்ள கைமருந்து. மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் வேலிக்காலுக்கும் அதைப் பூசுவார்கள். கறையான் அண்டாது, செலவும் இல்லை. இன்ஜினில் ஓடித் தீர்ந்த எண்ணெயில் உலோகத் துகளும், கிரியோசோட்டில் உள்ளவற்றை ஒத்த புற்றுநோய்ச் சேர்மங்களும் இருக்கின்றன. பேலட்டின் முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கிவந்த பலகைக்கு வீட்டில் கருப்பு ஆயில் பூசினால், ஸ்லீப்பர் கட்டையையே வாங்கியிருக்கலாம். வெளிப்பக்கத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும். ஆண்டுக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். அதுவும் வேண்டாமென்றால், சில ஆண்டுகளில் பலகை மாற்ற நேரும் என்று ஒப்புக்கொண்டு மாற்றிவிடலாம். பலகைக்கு ஓசூரில் பஞ்சமில்லை.

ஐயத்துக்கு இடமான மரம் கையில் இருந்தால் அதைப் பூச்செடிக்கு வைத்துக்கொள்வது ஒரு நடுவழி. செடியை வேறு தொட்டியில் வளர்த்து, அத்தொட்டியை மரப்பெட்டிக்குள் இறக்கி வைத்தால் மண்ணும் பலகையும் தொடுவதே இல்லை. பழைய லாரிப் பலகைகளுக்கு இம்முறை பொருந்தும். அவை கெட்டி மரம், நீண்டநாள் நிற்கும். ஆனால் உரமும் சிமென்டும் பூச்சிமருந்தும் ஏற்றி எத்தனை ஊர் போனவை என்பதை யாரும் சொல்ல முடியாது. கீரைக்கும் தக்காளிக்கும், முத்திரை தெரிகிற, கறையில்லாத, வாடையில்லாத பைன் பலகையை ஒதுக்கலாம்.

இற்றுப்போன பெட்டியின் பலகை கடைசியில் வெந்நீர் அடுப்புக்கே போகிறது. அடுப்புச் சாம்பல் செடிக்கு உரமாகப் போகிறது. மருந்தேறாத மரமென்றால் அதில் பிழையில்லை. சி.சி.ஏ. ஏறிய மரத்தை எரித்தால் ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி தாமிரத்தோடும் குரோமியத்தோடும் சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பல் மரத்தைவிடவும் நஞ்சு. பச்சை ஓட்டமுள்ள கம்பத் துண்டோ, தார் வாடையுள்ள கட்டையோ பழைய மரக் குவியலில் கலந்திருந்தால் அதைப் பெட்டிக்கு மட்டுமல்லாமல் அடுப்புக்கும் சேர்க்காமல் தனியே எடுத்து வைக்க வேண்டும்.